பாலுக்குப் பக்கத்தில் வைத்தது

மார்ச் 1, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் ஃபோனை எடுப்பதாக இல்லை. உங்கள் தம்பி இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "அவளுக்குக் கோபம் இறங்கட்டும், தானா வருவா" என்று விட்டுவிட்டார். என்னால் அப்படி விட முடியவில்லை. அதனால் கடிதம். இருபத்தாறு வருடமாகத் தபால் அலுவலகத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடுகிறவருக்குக் கடிதம் எழுதுவது, சமையல்காரர் வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்புவது மாதிரி. விலாசத்தை மட்டுமாவது ஒழுங்காக எழுதியிருக்கிறேன்.

பட்டாணி நன்றாக இருக்கிறாள். நீங்கள் ஊருக்குப் போன மறுநாளே குப்புற விழுந்தாள். ஐந்து மாதத்தில் விழுவது சீக்கிரமா, தாமதமா என்று நான் மூன்று பேரிடம் கேட்டேன். மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். காலையில் அவளுக்கான பாலை எடுத்துச் சின்னச் சின்னப் பாக்கெட்டில் ஊற்றி, தேதி எழுதி ஃப்ரீசரில் அடுக்கிவிட்டு, எட்டரைக்குள் பெயின்ட் கம்பெனி சோதனைக்கூடத்தில் இருக்க வேண்டும். குழந்தை பார்க்கிற அம்மா நல்ல மாதிரி. ஆனாலும் நான் பத்து தடவை ஃபோன் செய்கிறேன்.

உங்கள் நீல ஜெர்கின் கதவுக்குப் பின்னால் ஆணியிலேயே தொங்குகிறது. போகும்போது நீங்கள் அதைத் தொடவே இல்லை. உள்பையில் சர்க்கரை பார்க்கிற மெஷின் இருக்கிறது. அனுப்பட்டுமா?

அக்கா, அந்த ஞாயிற்றுக்கிழமையை மனதில் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறேன். ஆறு மாதம் பயிற்சி எடுத்து, தபால் ஊழியர்களின் பத்து கிலோமீட்டர் நடைப்போட்டிக்கு ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்தீர்கள். ஆறாவது கிலோமீட்டரில் நாக்கு ஒட்டிக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்துவிட்டீர்கள். கிளினிக்கில் சர்க்கரை முந்நூற்றுத் தொண்ணூறு. "என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று அந்த டாக்டர் கேட்ட தொனி எனக்கே சுருக்கென்றது. வீட்டுக்கு வந்தால், குழந்தையைப் பார்க்க வந்த அவருடைய நண்பர்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் உங்கள் தம்பி ஜெர்கின் பையைக் கவிழ்த்தார். ஏழு மிட்டாய், நாலு காலிக் காகிதம். "வாக்கிங் போறாளாம் வாக்கிங்! பையைப் பாருங்க, திருட்டுத் தீனி. ஊசி ஒரு கையில, மிட்டாய் ஒரு கையில." அவர்கள் சிரித்தார்கள். நான் காபி டம்ளர்களோடு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். அதற்கு மட்டும் இல்லை. நீங்கள் வந்த அன்று உங்கள் மருந்துப் பையை வாங்கி உள்ளே வைத்தது நான்தான், நினைவிருக்கிறதா? சும்மா கேட்டேன். பட்டாணி எழுந்துவிட்டாள்.

பட்டாணியின் அம்மா

*

மார்ச் 4

பட்டாணியின் அம்மாவுக்கு,

கடிதம் வந்தது. நானே என் கையால் எங்கள் ஊர் அடுக்கில் போட்டேன். போட்ட பிறகுதான் விலாசம் என்னுடையது என்று தெரிந்தது. இருபத்தாறு வருஷத்தில் கரண்ட் பில்லும் கண் டாக்டர் அட்டையும் தவிர எனக்கென்று எதுவும் இந்த மேஜைக்கு வந்ததில்லை. பார்சல் பிரிவில் இருக்கிற என் தோழி, நாங்கள் பார்சலம்மா என்றுதான் கூப்பிடுவோம், "யாருடி, லவ் லெட்டரா?" என்றாள். நாற்பத்தாறு வயசில் வந்தால் வாங்கிக்கொள்ள மாட்டேனா என்றேன்.

ஃபோன் வேண்டாம். எடுத்தால் பின்னால் அவன் குரல் கேட்கும். நான் அழுவேன், அவன் "இப்ப எதுக்கு அழற?" என்பான். கடிதமே எழுது.

ஒன்று தெரிந்துகொள். அந்த மிட்டாய் தீனி இல்லை. ஊசி போட்டுக்கொண்டு நடக்கிறவர்களுக்குச் சர்க்கரை திடீரென்று இறங்கும். கை நடுங்கும், வேர்க்கும், கண் இருட்டும். அப்போது உடனே வாயில் போட எங்கள் கிளினிக் நர்ஸ்தான் வைத்துக்கொள்ளச் சொன்னாள். இரண்டு வருஷமாக அது என் பையில் இருக்கிறது. காலிக் காகிதம் நாலும் நாலு மாதத்தினுடையது. கீழே போட மனசு வராமல் பையிலேயே வைத்தேன். என் ஒழுங்கே எனக்குச் சாட்சி சொல்லிவிட்டது, பார்.

இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். யாரோ இரண்டு பேர் சோபாவில் சிரித்துக்கொண்டிருக்கும்போது, என் இடுப்பில் உட்கார்ந்து வளர்ந்த பையனிடம், "இல்லடா, இது மருந்து மாதிரி" என்று விளக்கம் சொல்ல வாய் வரவில்லை. இப்போது மிட்டாயே வைத்துக்கொள்வதில்லை. யார் வேண்டுமானாலும் பையைக் கவிழ்த்துப் பார்க்கட்டும்.

ஜெர்கினை அனுப்பாதே. சோதனை போட்ட துணியை நான் போட மாட்டேன். மெஷினும் அங்கேயே இருக்கட்டும். எண்ணைப் பார்த்து யாருக்கு என்ன ஆகப்போகிறது?

உங்கள் ஊர் டாக்டர் இன்சுலின் அளவைக் கூட்டி, காலை பதினெட்டு யூனிட்டை இருபத்தாறாக்கினார், ராத்திரி பத்தைப் பதினாலாக்கினார். அப்படியே போடுகிறேன். காலையில் நாலு கிலோமீட்டர் நடந்தவள் இப்போது ஆறு நடக்கிறேன். தண்டனை என்று வைத்துக்கொள்.

மருந்துப் பையை வாங்கி வைத்தாய், ஞாபகம் இருக்கிறது. அதற்கென்ன இப்போது?

அக்கா

*

மார்ச் 7, சனி

அன்புள்ள அக்காவுக்கு,

ஒன்றுமில்லை. அதற்கு ஒன்றுமில்லை.

எங்கள் கம்பெனி நர்ஸிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். ரயிலில் போய் வந்த இன்சுலினைத் தொடர்ந்து போடாமல் இருப்பது நல்லது என்றார். உங்களிடம் எங்கள் வீட்டிலிருந்து எடுத்துப்போன பாட்டில் இன்னும் மிச்சம் இருக்கிறதா? இருந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள் அக்கா. தயவுசெய்து. புதுசு வாங்கிக்கொள்ளுங்கள். டாக்டரை ஒரு தடவை பார்த்தாலும் நல்லது. எதற்கு என்று கேட்டால், சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள்.

மிட்டாயையும் வைத்துக்கொள்ளுங்கள். நடக்கிறவர்களுக்கு வேண்டும் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்.

பட்டாணிக்கு லேசாகச் சளி. ராத்திரி மூச்சு விடுகிறாளா என்று மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்க்கிறேன். உங்கள் தம்பி, "நீ தூங்கு, அவ மூச்சை அவ பாத்துக்குவா" என்கிறார். எல்லாருக்கும் எல்லாம் எப்படி இவ்வளவு லேசாக இருக்கிறது?

நீங்கள் ஃபோனை எடுக்காத அன்றைக்குப் பிறகு உங்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கதவைத் திறக்கும்போதெல்லாம் ஜெர்கின் ஆடுகிறது. அதைப் பார்க்காத மாதிரிப் போகிறார். நானும்தான்.

பட்டாணியின் அம்மா

*

மார்ச் 11

பட்டாணியின் அம்மாவுக்கு,

கெமிஸ்ட்ரி படித்தவள் சொல்கிறாய், கேட்காமல் இருப்பேனா? ஒன்று பாதி, ஒன்று முழுசு, இரண்டு பாட்டிலையும் எறிந்துவிட்டேன். நேற்றுக் காலையிலிருந்து புதுப் பாட்டில். அதே இருபத்தாறு, அதே பதினாலு. டாக்டரைப் பார்க்கவில்லை. சும்மா பார்க்க வந்தேன் என்று சொன்னால் எங்கள் டாக்டர் நாற்காலியிலிருந்தே விழுந்துவிடுவார். அடுத்த மாதம் எப்படியும் போக வேண்டும்.

மிட்டாய் விஷயம் இனி என்னிடம் யாரும் பேச வேண்டாம். நீயும்.

புது மருந்து நன்றாக வேலை செய்கிறது போலிருக்கிறது. இன்று நடக்கும்போது காது குப்பென்று அடைத்தது. சட்டை முதுகு முழுக்க நனைந்துவிட்டது. மேஜையில் உட்கார்ந்தால் விலாசம் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. பார்சலம்மா, "மூஞ்சி ஏண்டி வெளுத்துக் கெடக்கு?" என்றாள். உடம்பு இளைக்கிறது, பொறாமைப்படாதே என்றேன்.

இந்த ஞாயிறு, பதினைந்தாம் தேதி, எங்கள் அலுவலகத்திலிருந்து இருபது பேர் பஸ்ஸில் ஏரிக்கரைக்குப் போகிறோம். இரண்டு மணி நேரப் பயணம், அங்கே ஏரியைச் சுற்றி எட்டு கிலோமீட்டர் நடை. உங்கள் ஊரில் பாதியில் உட்கார்ந்தவள் என்ற பெயர் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. தபால்காரர்கள் அல்லவா, செய்தி தங்காது. எட்டையும் முடித்துக் காட்ட வேண்டும். வெறும் பையோடு.

பட்டாணியின் மூக்கை விடு. சளி அதுவாகப் போகும்.

அக்கா

*

மார்ச் 14, சனி, மாலை

அக்கா,

இந்தக் கடிதம் உங்கள் நடைக்கு முன்னால் வந்து சேராது. தெரிந்தேதான் எழுதுகிறேன். சேர வேண்டியதைப் பத்து நிமிடம் முன்னால் வேறு வழியில் அனுப்பிவிட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் சொல்ல வேண்டியது:

உங்கள் மருந்தைக் கெடுத்தது நான்.

பிப்ரவரி பதிமூன்று, நீங்கள் வந்த வெள்ளிக்கிழமை. ராத்திரி ஊசியைப் போட்டு முடித்து, "இதைக் குளிரா வைம்மா" என்று பையை என் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனீர்கள். ஃப்ரிட்ஜ் கதவில் இடம் இருந்தது. அது போதாது என்று எனக்குத் தோன்றியது. என் பால் ஃப்ரீசரில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. உங்கள் மருந்தும் உள்ளங்கையில் வைத்து உருட்டினால் பால் மாதிரிதான் ஆகிறது. வீட்டிலேயே உசத்தியான இடம் அதுதான் என்று, பட்டாணியின் பாலுக்குப் பக்கத்தில், மூன்று பாட்டிலையும் படுக்க வைத்தேன். அக்காவுக்கு எவ்வளவு பொறுப்பாகச் செய்கிறேன் என்று எனக்கு நானே சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

காலையில் மூன்றும் கல். நீங்கள் எழுந்து வருவதற்குள் பாலை உருக்குவது போலவே வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, உருக்கி, துடைத்து, கதவில் வைத்தேன். கெட்டுப்போகும் என்று பயந்து மறைக்கவில்லை. "இதுகூடத் தெரியாதா?" என்று சிரிப்பீர்களோ என்றுதான் மறைத்தேன். சிரிப்புக்குப் பயந்து, அக்கா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்கு அடுத்த நாள்தான் நீங்கள் நடைபாதையில் உட்கார்ந்தீர்கள். திங்கட்கிழமை குப்பையைக் கட்டும்போது மருந்து அட்டைப்பெட்டியில் இருந்த சீட்டைப் படித்தேன். உறைந்துவிட்டால் பயன்படுத்தக் கூடாது என்று தனியாகக் கட்டம் போட்டு எழுதியிருந்தது. மறுநாள் நீங்கள் செருப்பு மாட்டும்போது அந்தச் சீட்டு என் கைக்குள் மடிந்திருந்தது. "வரேம்மா" என்றீர்கள். "சரிக்கா" என்றேன்.

எங்கள் சோதனைக்கூடத்தில் என் வேலை என்ன என்று நீங்கள் கேட்டதில்லை. பெயின்ட் டப்பாவை ஃப்ரீசரில் வைப்பேன், வெளியே எடுத்து உருக விடுவேன், திரும்ப வைப்பேன். அடியில் கட்டி தட்டினால், "தேறவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மாதம் நாற்பது டப்பா. உறைந்து உருகினது பழையபடி ஆகாது என்று சம்பளம் வாங்கிக்கொண்டு சொல்கிறவள் நான். சுவருக்குப் பூசுவதில் இருந்த அக்கறை, உங்கள் உடம்பில் ஏறுவதில் இல்லாமல் போயிற்று.

அதனால் அந்த இருபத்தாறு பொய். வீரியம் போன மருந்தைப் போட்டதால் ஏறிய சர்க்கரையைப் பார்த்துவிட்டு எழுதின கணக்கு. நல்ல மருந்தில் உங்களுக்குப் பதினெட்டே போதுமாக இருந்தது. கெட்டதைத் தூக்கிப் போடச் சொன்னால் போதும், என் பெயர் வராமலே சரியாகிவிடும் என்று நினைத்தேன். நல்ல பாட்டிலை இருபத்தாறோடு சேர்த்து உங்கள் கையில் கொடுத்தேன். கம்பெனி நர்ஸ் எதுவும் சொல்லவில்லை. எங்கள் கம்பெனியில் நர்ஸே கிடையாது. மெஷினை நீங்கள் வேண்டாம் என்றபோதும் நிம்மதியாகத்தான் இருந்தது. அது உங்கள் கையில் இருந்தால் எண் பேசிவிடும்.

காது அடைத்தது, வேர்த்தது, எழுத்து இரண்டாகத் தெரிந்தது என்று எழுதியிருந்தீர்களே, அது இளைப்பதில்லை அக்கா. சர்க்கரை இறங்குவது.

உங்கள் கடிதம் இன்று மத்தியானம்தான் வந்தது. உங்கள் ஃபோன் அணைந்திருக்கிறது. உங்கள் அலுவலக எண்ணைத் தேடிக் கூப்பிட்டேன். சூப்பர்வைசர் எடுத்தார். சொன்னேன். முதல் தடவையாக வாய்விட்டு, முகம் தெரியாத ஒருவரிடம். அவர் நிதானமாக எழுதிக்கொண்டே திருப்பிப் படித்தார்: "மருந்தை… ஐஸ் ஆக்கினது… தம்பி மனைவி. இருபத்தாறு வேண்டாம். பதினெட்டு. பையில் இனிப்பு. சரியாம்மா?" பின்னால் யாரோ இருமினார்கள். எனக்குக் காது எரிந்தது. "சார், இதை வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க. அவங்க கையில மட்டும் குடுங்க" என்றேன். "தபால் துறைம்மா இது. பிறத்தியார் விஷயம் எங்க வாயில வராது" என்றார். உங்கள் வீடு பூட்டியிருந்தால் காலையில் பஸ் ஏறும்போதே கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

நாளைக் காலை வரைக்கும் எனக்கு வேறு வேலை இல்லை, நினைப்பதைத் தவிர.

பட்டாணியின் அம்மா

*

மார்ச் 18

பட்டாணியின் அம்மாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். அதை முதல் வரியில் எழுதிவிட வேண்டும். நீ மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்க்கிற ஜாதி.

சனிக்கிழமை நான் பார்சலம்மா வீட்டில் தங்கிவிட்டேன். விடிகாலை பஸ்ஸுக்கு அங்கிருந்து போவது பக்கம். ஐந்தரைக்கு ஊசி போட்டேன், இருபத்தாறு. ஏழு மணிக்கு வழியில் ஒரு கடையில் டிபன் என்று ஏற்பாடு. பஸ் ஏறும்போது சூப்பர்வைசர் ஒரு கவரை நீட்டினார். ஒட்டின கவர். "உன் தம்பி மனைவி பேசினாங்க. சொந்த விஷயம். சீக்கிரம் பாத்துடு. எனக்கு எதுவும் தெரியாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுதி ஒட்டின மனுஷனுக்கே எதுவும் தெரியாதாம்! நீ ரகசியம் என்றாய் அல்லவா, அவர் ரகசியத்தைப் பசை போட்டு ஒட்டிவிட்டார்.

நான் பிரிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டிருப்பாய், படித்தால் அழுகை வரும், பஸ்ஸில் இருபது பேர். நடந்து முடித்த பிறகு படிக்கலாம் என்று பேண்ட் பையில் செருகினேன். உனக்குச் சிரிப்பென்றால் பயம், எனக்கு அழுகையென்றால் பயம்.

பஸ் டயர் பஞ்சர். ஏழு மணி டிபன் எட்டரை ஆயிற்று. கடையில் சாப்பாடு தீர்ந்து டீ மட்டும் இருந்தது. எல்லாரும் நடந்துவிட்டு வந்து சாப்பிடலாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஊசி போட்டாயிற்று, சாப்பிட்டே ஆக வேண்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், பார், தீனிக்கு அலைகிறாள் என்று நினைப்பார்களோ என்று இருந்தது. இனிக்காத டீயைக் குடித்துவிட்டு நடந்தேன்.

நாலாவது கிலோமீட்டர் வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு மற்றவர்கள் சொன்னதுதான். பார்சலம்மாவைப் பார்த்து, "என் சீலை எதுக்கு எடுத்த, திருடி?" என்றேனாம். தபால் முத்திரை குத்துகிற சீலை. கரையோரம் புல்லில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம். அவள்தான் என் வியர்வையைப் பார்த்துவிட்டு, "இவ பையில எப்பவும் மிட்டாய் இருக்கும், பாருங்க" என்று பையில் கை விட்டிருக்கிறாள். இரண்டு பையிலும் மிட்டாய் இல்லை. கவர் மட்டும் இருந்தது.

இதைக் கேள். அந்தக் கவரைப் பிரிக்க அவளுக்குக் கை வரவில்லையாம். "பிரிடி, பிரி" என்று சூப்பர்வைசரே கத்தியிருக்கிறார். "சார், அடுத்தவ கவர் சார்" என்று அவள். "நான்தானேடி எழுதினேன்!" "அப்ப நீங்களே வாயால சொல்லுங்களேன்!" அப்புறம்தான் அந்த மனுஷனுக்குத் தன் வாய் இருப்பதே ஞாபகம் வந்திருக்கிறது. ஆனால் அதற்குள் அவள் கிழித்துவிட்டாள். ஏரிக்கரையில் இருபது பேர் நடுவில் உன் வாக்குமூலத்தைச் சத்தமாகப் படித்தாள். பாதி படிக்கும்போதே ஒருத்தர் பழச்சாறு வாங்க ஓடினார். இரண்டு பாட்டில் குடித்தேனாம். இரண்டாவதில் பாதியில்தான் உலகம் திரும்பி வந்தது.

டாக்டரைப் பார்த்தாயிற்று. பழைய பதினெட்டும் பத்தும். நீண்ட நடை இருக்கிற நாளில் அதிலும் கொஞ்சம் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார். சாப்பாடு கண்ணெதிரே வந்த பிறகுதான் ஊசி என்று திட்டினார். நர்ஸ் அதைவிட அதிகம்.

உன் நீளக் கடிதம் நேற்று வந்தது. மூன்று தடவை படித்தேன். உன்மேல் கோபம் இருக்கிறது. ஃப்ரீசரில் வைத்ததற்கு இல்லை, அது தெரியாமல் செய்தது. செவ்வாய்க்கிழமை வாசலில் "சரிக்கா" என்றாயே, அதற்கு. அப்புறம் அந்த இல்லாத நர்ஸுக்கு.

இதையும் எழுதிவிடுகிறேன். உங்கள் வீட்டில் அந்தச் சனிக்கிழமைக் காலையில் பாட்டிலை உருட்டும்போது அடியில் கட்டி கட்டியாகத் தெரிந்தது. எவ்வளவு உருட்டியும் கரையவில்லை. இரண்டு வருஷம் ஊசி போட்டவளுக்கு அது தப்பு என்று தெரியாதா? புது ஊர், புதுக் குழந்தை, போட்டிக்கு ஒரு நாள், தொந்தரவு வேண்டாம் என்று போட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சொன்னால் சாக்குச் சொல்கிறாள் என்பான். அதனால் அப்போதும் சொல்லவில்லை. ஊருக்குத் திரும்பி அதே கட்டியைத்தான் தினமும் போட்டேன். மானத்தை ஊசியில் ஏற்றிப் போட்டுக்கொண்டேன் என்று சொல்.

மன்னித்துவிட்டேன் என்று எழுத இரண்டு தடவை பேனாவை எடுத்தேன். வரவில்லை. வரும்போது எழுதுகிறேன். நீ ஒன்று செய். அவனிடம் சொல். உன் வாயால், முழுசாக. என்னிடம் கடிதத்தில் சொன்னது பாதிதான்.

அக்கா

*

மார்ச் 22, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன்.

நீங்கள் விழுந்தது அவருக்கு முன்பே தெரியும். ஞாயிறு மத்தியானம் சூப்பர்வைசர் என் எண்ணுக்குப் பேசியபோது ஃபோனை எடுத்தது அவர்தான். "உங்க அக்கா நடக்கும்போது விழுந்துட்டாங்க, இப்ப நல்லா இருக்காங்க" என்று மட்டும் சொன்னாராம். ஏன் விழுந்தீர்கள் என்று அவர் சொல்லவில்லை. நானும் ஐந்து நாள் சொல்லவில்லை. உங்கள் கடிதம் வந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஷூவைக்கூட அவிழ்க்க விடாமல் நிற்க வைத்துச் சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நன்றாக இருந்திருக்கும். "அப்ப அந்த மிட்டாய்?" என்றார். மருந்து மாதிரி என்றேன். "காலிப் பேப்பர்?" நாலு மாதத்தினுடையது என்றேன். "நீ தெரியாம செஞ்ச. நான் தெரிஞ்சுதானே பேசினேன்" என்றார். அப்படிச் சொல்லி என்னை விட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. "நானும் திங்கட்கிழமைக்கு அப்புறம் தெரிஞ்சேதான்" என்றேன். இன்றுவரை அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. சாப்பிடும்போது என் தட்டைப் பார்க்கிறார், என் முகத்தைப் பார்ப்பதில்லை.

நேற்று அந்த இரண்டு நண்பர்களுக்கும் ஃபோன் செய்து, அக்கா மேல் தப்பில்லை, நான்தான் அசிங்கமாகப் பேசினேன் என்றார். ஒருவர், "எந்த ஜெர்கின்?" என்று கேட்டாராம். மற்றவருக்கு அக்கா வந்திருந்ததே ஞாபகம் இல்லை. யார் முன்னால் நீங்கள் அப்படிக் கூனிக் குறுகி நின்றீர்களோ, அவர்கள் லிஃப்டில் இறங்கும்போதே மறந்துவிட்டார்கள். நாம் மூன்று பேர்தான் ஒரு மாதம் அதையே சுமந்திருக்கிறோம்.

ஜெர்கினை அனுப்புகிறார். அவரே துவைத்தார். நேற்று முழுக்க ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தார். நூல் கோக்கவே அரை மணி. "என்ன தைக்கிறீங்க?" என்றேன். "உனக்கெதுக்கு?" என்றார். கடிதம் எழுதுங்களேன் என்று காகிதம் கொடுத்தேன். 'அக்கா' என்று எழுதி, கமா போட்டு, அதற்குமேல் போகவில்லை. அந்தக் காகிதத்தையும் பார்சலில் வைத்திருக்கிறேன். அவருக்குத் தெரியாது.

ஃப்ரீசரில் பால் வைக்கும்போதெல்லாம் அந்த மூன்று பாட்டில் படுத்திருந்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே மட்டும் எதுவும் வைப்பதில்லை. நீங்கள் மன்னித்து எழுத வேண்டும் என்று அவசரப்படுத்த மாட்டேன். நீங்கள் அதை எழுதினால் நான் அன்றைக்கே நிம்மதியாகத் தூங்கிவிடுவேன். அது சரியா என்று தெரியவில்லை.

பட்டாணியின் அம்மா

*

மார்ச் 29

பட்டாணியின் அம்மாவுக்கு,

பார்சல் வந்தது. பார்சலம்மா தானே தூக்கிக்கொண்டு வந்தாள். கையெழுத்து வாங்கிவிட்டு நகராமல் நின்றாள். "பிரிக்கவா?" என்றாள். ஏரிக்கரைக்குப் பிறகு அவளுக்குக் கை துணிந்துவிட்டது.

ஜெர்கின் வெளுத்துப் பாதி நீலமாகிவிட்டது. எந்தச் சோப்பில் முக்கினான்? மெஷின் உள்பையில் பத்திரமாக இருக்கிறது. இரண்டு பக்கப் பையும் நிறைய மிட்டாய். எண்ணவில்லை, ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போதும். விழுந்துவிடக் கூடாது என்று இரண்டு பைக்கும் மூடி தைத்து, மூடிக்குப் பொத்தான் வைத்து, பொத்தானுக்கு இருபது முறை நூல் சுற்றியிருக்கிறான். யானையைக் கட்டலாம்.

இன்று காலை நடந்தேன். கிளம்பும் முன் சர்க்கரை பார்த்தேன், சாப்பிட்டேன். மூன்றாவது கிலோமீட்டரில் லேசாகக் கை நடுங்கியது. பையைத் திறக்கப் பார்த்தால் பொத்தான் வரவில்லை. நடுங்குகிற விரலுக்குப் பொத்தான் எங்கே அடங்கும்? பல்லால் இழுத்துத்தான் எடுத்தேன். நீ ஐஸில் வைத்தாய், அவன் பொத்தான் வைத்தான். இரண்டு பேருக்கும் என்மேல் எவ்வளவு அக்கறை! ஒருத்தராவது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து இரண்டு பொத்தானையும் வெட்டிவிட்டேன். அவனிடம் சொல். நல்லபடியாகச் சொல், சிரித்துவிடாதே.

'அக்கா,' காகிதம் கிடைத்தது. கமாவுக்கு அப்புறம் என்ன என்று எனக்குத் தெரியும். ஐந்து வயசில் கண்ணாடியை உடைத்துவிட்டும் இப்படித்தான் நின்றான்.

மே மாதம் வருகிறேன். மருந்துப் பையை நானே வைப்பேன், கதவுத் தட்டில். நீ பக்கத்தில் நின்று பார். ஃப்ரீசரில் அந்த இடத்தைக் காலியாக விடாதே. பால் வை. குழந்தை வளர்கிறது.

நீ கேட்காமல் இருக்கிற அந்த வார்த்தை இன்னும் வரவில்லை. ஆனால் உன் கடிதம் வரும் நாளில் நான் அடுக்கை இரண்டு தடவை பார்க்கிறேன்.

பொத்தான்களை இதோடு வைத்திருக்கிறேன். பட்டாணியின் சட்டைக்கு ஆகும். அவள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்.

அக்கா